வெயிலில் தேயாத மஞ்சள் தூள்: ஒளிவினையூக்கி செய்யத் தொடங்குபவர்களுக்கு

வண்ணாரப்பேட்டைக்குப் பெயர் வந்ததே துணி வெளுத்தவர்களால்தான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கப்பலேறப் போகும் துணிகளை இங்கேதான் நனைத்து, வெயிலில் விரித்து, பழுப்பு போக வெளுத்தார்கள். வெயிலையும் தண்ணீரையும் வேலை வாங்குவது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. இப்போது அதே வெயிலையும் ஒரு சிட்டிகைத் தூளையும் வைத்துச் சாயம் கலந்த தண்ணீரை வெளுக்கப் பார்க்கிறோம். ஒளி பட்டால் சாயத்தைச் சிதைக்கும் இப்படிப்பட்ட தூளுக்குத்தான் ஒளிவினையூக்கி என்று பெயர்.

ஒவ்வொரு வருடமும் எம்.எஸ்சி. பிராஜெக்ட்டுக்கு வரும் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேராவது இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். நீலத் தண்ணீர் கண்ணெதிரே நிறம் போவதைப் பார்க்க யாருக்கும் ஆசைதான். ஆனால் முதல் முறை நிறம் போனதுமே கொண்டாடிவிடுகிறார்கள். அதே தூளைக் கழுவி ஐந்தாம் முறை போடும்போது என்ன ஆகிறது என்பதுதான் இதில் பாதி வேலை. அந்தப் பாதியைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன்.

முதலில் அடிப்படை

குறைகடத்தித் தூள் ஒன்றின் மேல் ஒளி விழுகிறது. உள்ளே இருக்கும் எலக்ட்ரான் ஒரு படி மேலே தாவுகிறது. அது இருந்த இடம் காலியாகிறது, அதைத் துளை என்கிறோம். மேலே போன எலக்ட்ரான் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பிடிக்கும். துளை, தண்ணீரையோ சாய மூலக்கூறையோ நேரடியாகப் பிடிக்கும். இதில் பிறக்கும் முரட்டு மூலக்கூறுகள் சாயத்தைக் கடித்துத் துண்டாக்குகின்றன. எலக்ட்ரானும் துளையும் வேலை ஏதும் செய்யாமல் மறுபடி ஒன்று சேர்ந்துவிட்டால் ஒளி வீண், சூடுதான் மிச்சம்.

எந்த ஒளிக்கு எலக்ட்ரான் தாவும் என்பதை அந்தப் படியின் உயரம், அதாவது ஆற்றல் இடைவெளி, முடிவு செய்கிறது. 1240 என்ற எண்ணை ஆற்றல் இடைவெளியால் வகுத்தால் நானோமீட்டரில் எல்லை கிடைத்துவிடும். டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் வடிவத்துக்கு 3.2 எலக்ட்ரான் வோல்ட். வகுத்தால் 387. அதாவது புற ஊதாவில் மட்டும்தான் வேலை செய்யும். 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இந்தப் பொருளை மின்முனையாக வைத்துத் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள், துறையே அங்கிருந்துதான் பெருகியது. ஆனால் தரைக்கு வரும் வெயிலில் புற ஊதா நூற்றில் ஐந்து பங்குதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியோ பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அதைப் பிடிக்கும் தூள் வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடு.

எந்தத் தூளை எடுப்பது

வெள்ளைத் தூள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், அதனால்தான் அது வெள்ளை. ஆக மஞ்சளோ ஆரஞ்சோ உள்ள தூளைத்தான் தேட வேண்டும். காட்மியம் சல்ஃபைடு நல்ல மஞ்சள், வேகமும் உண்டு. ஆனால் ஒளியில் அது தன்னையே அரித்துக்கொண்டு காட்மியத்தைத் தண்ணீரில் விடும். குடிநீரில் காட்மியத்துக்கு அனுமதி லிட்டருக்கு 0.003 மில்லிகிராம்தான். சாயத்தை எடுக்கப் போய் நஞ்சைக் கலந்த கதையாகிவிடும். சில்வர் பாஸ்பேட் இன்னும் வேகம், நிமிடக் கணக்கில் நிறத்தை எடுத்துவிடும். ஆனால் இரண்டு சுற்றுக்குள் மஞ்சள் போய்க் கறுக்கத் தொடங்கும், உள்ளே இருக்கும் வெள்ளி உலோகமாக வெளியே வருகிறது என்று அர்த்தம். பிஸ்மத் வனேடேட் நல்ல பொருள், ஆனால் தயாரிப்பில் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும்.

முதல் தூளாக நான் சொல்வது கிராஃபிடிக் கார்பன் நைட்ரைடு. பெயர்தான் பயமுறுத்தும். கார்பனும் நைட்ரஜனும் தாள் தாளாக அடுக்கிய மஞ்சள் தூள், அவ்வளவுதான். ஆற்றல் இடைவெளி 2.7, அதனால் 460 நானோமீட்டர் வரை, நீல ஒளி வரைக்கும், பிடிக்கும். இதன் மூதாதையான மெலானை லீபிக் 1834லேயே எழுதி வைத்திருக்கிறார், ஒளிவினையூக்கியாக இது பேர் வாங்கியது 2009க்குப் பிறகுதான். உலோகம் இல்லை, அதனால் உலோகம் கசியும் பயமும் இல்லை. சாதாரண அமிலத்திலும் காரத்திலும் கரையாது. விலை குறைவு. வேகம் சுமார்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுட்டெடுப்பது

மெலமைனில் இருந்தும் செய்யலாம், யூரியாவில் இருந்தும் செய்யலாம். மெலமைன் என்றால் போட்டதில் பாதிக்குக் கிட்ட தேறும். யூரியா என்றால் நூற்றுக்கு ஐந்து பங்கு தேறினாலே பெரிது, ஆனால் தூள் பஞ்சு மாதிரி லேசாக, பரப்பு அதிகமாக வரும். முதல் முறை மெலமைனில் தொடங்குங்கள். யூரியாதான் வேண்டும் என்றால் ஆய்வகத் தரத்தில் பாரிமுனைப் பக்கத்து கெமிக்கல் கடைகளில் வாங்குங்கள். உரக்கடை யூரியா வேண்டாம். 2015 முதல் இங்கே விற்கும் உர யூரியா வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது, சுட்டால் கரி கலந்த அழுக்கு நிறம்தான் கிடைக்கும்.

10 கிராம் மெலமைனை அலுமினா குரூசிபிளில் (சூட்டைத் தாங்கும் கிண்ணத்தில்) போடுங்கள். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடி கட்டாயம். மூடி இல்லாவிட்டால் மெலமைன் ஆவியாகி மேலே போய்விடும். நான் முதல் முறை யூரியாவை மூடி போடாமல் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் ஆசையாக உலையைத் திறந்தேன். குரூசிபிள் கழுவி வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அடுத்த முறை மூடி போட்டேன், ஆனால் விளிம்பு வரை நிரப்பியிருந்தேன். யூரியா 133 டிகிரியில் உருகி, அப்புறம் பால் மாதிரிப் பொங்கும். பொங்கி உலையின் தரையெல்லாம் ஒட்டிக்கொண்டு, அதைச் சுரண்டியெடுக்க ஒரு வாரம் ஆனது.

மஃபில் உலையில் நிமிடத்துக்கு 5 டிகிரி என்று ஏற்றி, 550 டிகிரியில் நான்கு மணி நேரம் வையுங்கள். தானாக ஆறட்டும். சுடும்போது அம்மோனியா வரும், கண்ணில் தண்ணீர் வைத்துவிடும். உலையின் புகை வெளியே போக வழி இருக்க வேண்டும், வீட்டு மாடியிலோ மூடிய அறையிலோ இதைச் செய்யவே கூடாது. வேகமாக முடிக்கலாம் என்று 600 தாண்டிப் போகாதீர்கள். அதற்கு மேல் தூளே சிதையத் தொடங்கும், வரும் வாயுக்களில் சயனைடு வகையும் இருக்கும்.

வெளியே எடுத்தால் கடினமான மஞ்சள் கட்டி இருக்கும். அகேட் உரலில் நன்றாக அரையுங்கள். எலுமிச்சை மஞ்சள் என்றால் சரி. வெள்ளையாக இருந்தால் வேகவில்லை, பழுப்பாக இருந்தால் அதிகம் சுட்டுவிட்டது. எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் படத்தில் 27.4 டிகிரி கோணத்துக்குப் பக்கத்தில் ஓங்கிய ஒரு முகடும் 13 டிகிரிக்குப் பக்கத்தில் குட்டை முகடும் தெரிய வேண்டும். அகச்சிவப்பு நிறமாலையில் 810 cm⁻¹க்கு அருகே கூரான ஒரு கோடு. இரண்டும் இருந்தால் பொருள் அதுதான்.

அரைத்த தூளை அகலமான பீங்கான் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, இம்முறை மூடாமல், 500 டிகிரியில் இரண்டு மணி நேரம் மறுபடி சூடேற்றினால் அடுக்குகள் பிரிந்து தூள் வெளுத்து லேசாகும். பரப்பு கூடும், வேகம் கூடும். ஆனால் அளவு குறையும், நிறம் வெளுப்பதால் பிடிக்கும் ஒளியும் கொஞ்சம் குறையும். செய்யாமலும் விடலாம்.

நிறம் போனால் மட்டும் போதுமா

சோதனைக்கு எல்லோரும் எடுப்பது மெத்திலீன் நீலம் என்ற சாயம். அவசரத்துக்கு வேண்டும் என்றால் கொளத்தூர் கலர் மீன் கடைகளில் கிடைக்கும். போய்க் கேட்டால், “எந்த மீனுக்கு? வெள்ளைப் புள்ளியா, பூஞ்சையா?” என்று கடைக்காரர் கேட்பார். மீனுக்கு இல்லை, ஒளிவினையூக்கிக்கு என்று விளக்கப் போய் நான் ஒருமுறை அரை மணி நேரம் பேசிக்கொண்டு நின்றிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட அது போதும். அளவெடுத்து எழுதுவதற்கு ஆய்வகத் தரச் சாயம்தான் வேண்டும்.

லிட்டருக்கு 10 மில்லிகிராம் கரைசலில் 100 மில்லி எடுங்கள். 100 மில்லிகிராம் தூள் போட்டு, முதலில் இருட்டில் அரை மணி நேரம் கலக்குங்கள். இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். தூள் சாயத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் குறைவு ஒளியால் வந்ததல்ல. அடுத்தடுத்து எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக வந்த பிறகே விளக்கைப் போடுங்கள்.

விளக்குக்கு வெள்ளை எல்இடி ஃப்ளட் லைட் போதும். அதன் ஒளியில் 450 நானோமீட்டர் பக்கம் நீலம் ஓங்கியிருக்கும், நம் தூளுக்கு அதுதான் தீனி. புற ஊதா அனேகமாக இருக்காது. மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டு ‘கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்தது’ என்று எழுதாதீர்கள், வெயிலில் புற ஊதாவும் சேர்ந்தே வருகிறது. மேலே ஒரு கண்ணாடியை வைத்தேன், புற ஊதா நின்றுவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. ஜன்னல் கண்ணாடி 350 நானோமீட்டருக்கு மேற்பட்டதை நன்றாகவே விடும். வெயிலில்தான் செய்ய வேண்டும் என்றால் 420 நானோமீட்டர் வெட்டும் வடிகட்டி வாங்குங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 3 மில்லி எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, தெளிந்த நீரை 664 நானோமீட்டரில் அளங்கள். தூள் கொஞ்சம் மிதந்தாலும் ஒளியைச் சிதறடித்து அளவைக் கெடுக்கும். தூள் இல்லாமல் ஒளி மட்டும், ஒளி இல்லாமல் தூள் மட்டும் என்று இரண்டு பீக்கர்கள் பக்கத்திலேயே ஓட வேண்டும்.

இங்கே இரண்டு ஏமாற்றுகள் உண்டு. மெத்திலீன் நீலம் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு சிதையாமலே நிறமற்ற வடிவத்துக்கு மாறும், காற்றுப் பட்டால் நீலம் திரும்பிவிடும். அதனால் நிறம் போன கரைசலைத் திறந்து வைத்துக் கலக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இரண்டாவது ஏமாற்று இன்னும் மோசம். சாயம் தானே சிவப்பு ஒளியை விழுங்கி, எலக்ட்ரானைத் தூளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் சிதைந்துபோகும். இதனால் வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடுகூட எல்இடியில் வேலை செய்வது போலத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க நிறமில்லாத ஒன்றை வைத்தும் ஒரு முறை செய்ய வேண்டும். சாலிசிலிக் அமிலம் நல்லது, 296 நானோமீட்டரில் அளக்கலாம். அது மெல்லத்தான் குறையும், பதற வேண்டாம். கொஞ்சமாவது குறைந்தால் தூள் உண்மையாகவே உழைக்கிறது.

ஐந்தாம் சுற்று

என் சொந்தக் கதை ஒன்று. பல வருடங்களுக்கு முன் என் முதல் பிராஜெக்ட்டில், ஐந்து சுற்றும் 98, 98, 97, 97, 97 சதவீதம் என்று ஐந்து கம்பங்கள் வரைந்து, ‘மிக நீடித்தது’ என்று எழுதியிருந்தேன். வைவாவுக்கு வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, “எத்தனை நிமிடத்தில் அளந்தாய்?” என்று கேட்டார். மூன்று மணி நேரம் கழித்து என்றேன். “அப்போது 20ஆவது நிமிடத்தில்?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

பாரிமுனையில் இருந்து எண்ணூருக்கு இரண்டு ஷேர் ஆட்டோக்கள் கிளம்புகின்றன என்று வையுங்கள். ஒன்று புது வண்டி, இன்னொன்று இழுத்துக்கொண்டு போகும் பழசு. நீங்கள் மூன்று மணி நேரம் கழித்து எண்ணூரில் போய்ப் பார்த்தால் இரண்டும் அங்கே நிற்கும். எது வேகமானது என்று தெரிய வேண்டுமானால் நடுவில், டோல்கேட்டில் நின்று பார்க்க வேண்டும்.

கணக்காகவே பார்ப்போம். புதுத் தூள் ஒரு மணி நேரத்தில் 90 சதவீதச் சாயத்தை அழிக்கிறது. அதன் திறன் பாதியாகிவிட்டது என்று வைப்போம். மூன்று மணி நேரத்தில் புதுசு 99.9 சதவீதம் அழித்திருக்கும், பாதி செத்துப்போனது 96.8 சதவீதம் அழித்திருக்கும். படத்தில் இரண்டு கம்பமும் ஒரே உயரம். 20ஆவது நிமிடத்தில் பார்த்தால் புதுசு 54, பழசு 32. பாதி உயிர் போனது அங்கேதான் தெரிகிறது.

அதனால் ஒவ்வொரு சுற்றிலும் முதல் அரை மணி நேரத்தைத்தான் நெருக்கமாக அளக்க வேண்டும். தொடக்கச் செறிவை அந்தந்த நேரச் செறிவால் வகுத்து, மடக்கை எடுத்து, நேரத்துக்கு எதிராக வரைந்தால் வரும் கோட்டின் சாய்வுதான் வேகம். ஐந்து சுற்றின் ஐந்து சாய்வுகளையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். முடிவுச் சதவீதம் வேண்டாம்.

இன்னொரு சிக்கல், தூள் குறைந்துகொண்டே போகும். 3 மில்லி எடுக்கும்போதெல்லாம் அதோடு தூளும் போகிறது, கழுவும்போது இன்னும் போகிறது. ஐந்தாம் சுற்றில் 100 மில்லிகிராமுக்குப் பதில் 70 இருந்தால் வேகம் குறையத்தான் செய்யும், தூளின் மேல் குற்றமில்லை. முதல் சுற்றை மூன்று பீக்கரில் ஒரே மாதிரி ஓட்டி, தூளை ஒன்றாகச் சேர்த்து, தண்ணீரிலும் எத்தனாலிலும் கழுவி, 60 டிகிரியில் உலர்த்தி, மறுபடி 100 மில்லிகிராம் எடைபோட்டுப் போடுங்கள்.

வேகம் உண்மையிலேயே குறைந்தால், ஏன் என்று பார்க்க வேண்டும். சாயத் துண்டுகள் மேலே ஒட்டிக்கொண்டு அடைத்திருக்கலாம். தூள் நீலமாகவோ பச்சையாகவோ மாறியிருந்தால் அதுதான் காரணம். சுத்தமான தண்ணீரில் போட்டு இரவு முழுக்க விளக்கடியில் கலக்கினால் பெரும்பாலும் மஞ்சள் திரும்பும். இல்லையென்றால் தூளே கரைகிறது. கார்பன் நைட்ரைடும் சிரஞ்சீவி இல்லை, தான் உண்டாக்கும் முரட்டு மூலக்கூறுகள் தன்னையும் மெல்லக் கடித்து நைட்ரேட்டாகக் கரைக்கலாம். சாயம் போடாத தண்ணீரில் தூளை மட்டும் போட்டு ஒரு நாள் முழுக்க ஒளியில் வைத்து நைட்ரேட் பாருங்கள். சாயத்திலும் நைட்ரஜன் உண்டு என்பதால்தான் சாயம் வேண்டாம் என்கிறேன். நைட்ரேட் அளக்கும் டெஸ்ட் கிட் அதே கொளத்தூர் மீன் கடைகளில் கிடைக்கும், கடைக்காரருக்கு இம்முறை விளக்கம் தேவைப்படாது.

ஒட்ட வைப்பது

தூளாகவே வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் வடிகட்டித்தான் ஆக வேண்டும். நிஜமாகப் பயன்பட எதன் மேலாவது ஒட்ட வேண்டும். பசை போட்டு ஒட்டலாமே என்று தோன்றும். ஃபெவிகால், ஆல்ஜினேட் உருண்டை எல்லாம் கரிமப் பொருள்கள். சாயத்தைத் தின்கிற தூள் பசையையும் தின்னும், சில வாரத்தில் பூச்சு உதிர்ந்து தண்ணீர் கலங்கும். சிலிக்கா போன்ற கரிமமில்லாத பிணைப்புதான் நிற்கும்.

சிலிக்கா தரும் டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் 10 மில்லி, எத்தனால் 10 மில்லி, தண்ணீர் 3 மில்லி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு. மூடி வைத்து ஒரு மணி நேரம் கலக்கி, எத்தனால் ஊற்றி ஐந்து மடங்காக நீர்க்கச் செய்யுங்கள். இதில் தூளைக் கலந்து அல்ட்ராசோனிக் தொட்டியில் சிறிது நேரம் வைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிய கண்ணாடித் துண்டையோ ஓட்டுத் துண்டையோ முக்கி மெல்ல எடுங்கள். உலர்ந்ததும் இன்னொரு முறை. கடைசியில் 400 டிகிரியில் ஒரு மணி நேரம். சிலிக்கா அதிகமானால் தூள் உள்ளே புதைந்துபோய் ஒளியும் சாயமும் எட்டாது, குறைந்தால் கையில் ஒட்டும். செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி இழுத்துப் பாருங்கள். டேப்பில் மெல்லிய மஞ்சள் நிழல் மட்டும் வந்தால் பரவாயில்லை, பட்டையாக வந்தால் சிலிக்காவைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

நம்ம ஊர்த் தண்ணீர்

காய்ச்சி வடித்த நீரில் ஐந்து சுற்றும் தாண்டிய தூள், தண்டையார்பேட்டை போர் தண்ணீரில் முதல் சுற்றிலேயே திணறும். மீஞ்சூர்ப் பக்கம் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை இறைத்து இறைத்துக் கடல்நீர் உள்ளே ஏறியது தெரிந்த கதை. கடலோரப் போர்களில் குளோரைடும் பைகார்பனேட்டும் தாராளமாக இருக்கும், இரண்டுமே அந்த முரட்டு மூலக்கூறுகளைச் சாயத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்ளும். சோடியமும் கால்சியமும் நேர்மின் சாயமான மெத்திலீன் நீலத்தோடு தூளின் மேல் இடம் பிடிக்கப் போட்டி போடும். போதாக்குறைக்குக் குழாயில் படியும் அதே வெள்ளைக் கறை பூச்சின் மேலும் படியும். ஆகவே வடித்த நீர், மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர் மூன்றிலும் ஒரே நாளில், ஒரே தொகுதித் தூளை வைத்துச் செய்து மூன்று சாய்வுகளையும் எழுதுங்கள். வெள்ளைக் கறைக்கு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் நனைத்தால் போதும், நம் தூளுக்கு ஒன்றும் ஆகாது.

எல்லாம் முடிந்ததும் பூசிய துண்டுகளில் ஆறை மொட்டைமாடியில் வையுங்கள். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் தெற்கு பார்த்து அவ்வளவு சாய்வு கொடுத்தால் போதும், மழைத் தண்ணீரும் வடிந்துவிடும். இன்னும் ஆறு துண்டுகளைத் தாளில் சுற்றி இருட்டில் பத்திரப்படுத்துங்கள். மாதம் ஒரு துண்டு மாடியில் இருந்தும் ஒன்று பெட்டியில் இருந்தும் எடுத்து அளங்கள். மாடித் துண்டின் மேல் துறைமுகப் பக்கத்துக் கரியும் உப்பும் படிந்திருக்கும், அதை முதலில் அப்படியே அளந்து, அப்புறம் கழுவி மறுபடி அளங்கள். கழுவியதும் வேகம் திரும்பினால் அழுக்குதான். திரும்பாவிட்டால் டேப்பை எடுத்து ஒட்டிப் பாருங்கள்.

கழுவிய நீலத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அது நேரே பக்கிங்ஹாம் கால்வாய்க்குத்தான் போகும். மிச்சமான தூளைப் போட்டு விளக்கடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் வந்து அளந்துவிட்டு அப்புறம் ஊற்றலாம்.